மாச்சு பிச்சுவில் சாரல் எப்போது?

மே மாதம் பிறந்தால் தென்காசிக்காரர்களின் போன் ஓயாது. மதுரையிலிருந்து மைத்துனர், சென்னையிலிருந்து கல்லூரித் தோழர், பத்து வருடமாகப் பேச்சுவார்த்தையே இல்லாத பழைய பக்கத்து வீட்டுக்காரர் என எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “தண்ணி விழுதா?” கேட்டுவிட்டு வருகிறவர்கள் விவரமானவர்கள். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாச்சே என்று ஏப்ரலில் வேன் பிடித்து வருகிற குடும்பங்களையும் வருஷாவருஷம் பார்க்கிறோம். குற்றாலம் பேரருவிப் பாறையில் ஓர் ஈரக்கோடு மட்டும் வழிந்துகொண்டிருக்கும். அண்ணாந்து பார்ப்பார்கள், நேந்திரங்காய் சிப்ஸ் வாங்குவார்கள், திரும்பிப் போவார்கள். நாமும் மனசுக்குள் கொஞ்சம் சிரித்துக்கொள்வோம்.

அப்படிச் சிரிக்கிற நாம், வெளிநாடு என்று வந்துவிட்டால் ஏப்ரல் வேன்காரர்களாகவே மாறிவிடுகிறோம். பிள்ளைகள் பெங்களூரிலும் டாலஸிலும் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு, தென்காசி டீக்கடைகளில் சிங்கப்பூர், துபாய் பேச்சு பழசாகிவிட்டது. இப்போது ஸ்பெயின், பெரு, மெக்சிகோ. கூடவே ஆளுக்கொரு நம்பிக்கையும் உலவுகிறது. அவற்றில் சிலவற்றை உரசிப் பார்க்கலாம்.

“கிளிமாஞ்சாரோ பாட்டு ஆப்பிரிக்காவுல எடுத்தது, அண்ணாச்சி”

இல்லை. கிளிமாஞ்சாரோ மலை தான்சானியாவில் இருப்பது உண்மை. ஆனால் 2010-இல் வந்த ‘எந்திரன்’ படத்தில் ரஜினியும் ஐஸ்வர்யா ராயும் ஆடிய அந்தப் பாடல் படமானது தென் அமெரிக்காவின் பெரு நாட்டில், மாச்சு பிச்சுவில். இன்கா மன்னர்கள் 15-ஆம் நூற்றாண்டில் கட்டிய கல் நகரம் அது. ஒரு பாட்டு தமிழனின் பூகோளத்தை ஒரு கண்டம் தள்ளி வைத்துவிட்டது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஸ்பானிஷ் பேசும் நாடு என்றால் ஸ்பெயின் ஒன்றுதான் என்று நினைப்பது. உலகில் சுமார் 20 நாடுகளில் அதுதான் அரசாங்க மொழி. மெக்சிகோவில் தொடங்கி அர்ஜென்டினா, சிலி வரை இறங்கும் அந்த வரிசையில் கியூபாவும் உண்டு. ஆப்பிரிக்காவில் ஈக்குவடோரியல் கினியா என்ற ஒரு குட்டி நாடும் உண்டு. தென் அமெரிக்காவின் மிகப் பெரிய நாடான பிரேசில் இதில் சேராது, அங்கே போர்ச்சுகீசியம். ஆகவே “ஸ்பானிஷ் நாட்டுக்கு டூர்” என்பது “மலைப் பிரதேசத்துக்கு டூர்” என்பதைப் போல. எந்த மலை என்று முடிவாகாமல் பெட்டி கட்ட முடியாது.

“ஐரோப்பான்னா குளிரு, மே லீவுல போனா நல்லாருக்கும்”

மே மாதம் வரை சரி. ஆனால் விசா தாமதமாகி, பயணம் ஜூலை, ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனால் கதை வேறு. ஸ்பெயினின் தென்பகுதி அண்டலூசியா. செவியா, கோர்தோபா நகரங்களில் ஆகஸ்ட் பகலில் 40 டிகிரி சர்வசாதாரணம். 2021 ஆகஸ்டில் கோர்தோபா மாகாணத்தில் 47 டிகிரியையும் தாண்டியது. கம்பளி ஸ்வெட்டரோடு போய் இறங்குகிறவர் வேலூர் கத்திரி வெயிலை நினைத்து ஏங்குவார்.

குற்றாலத்தில் சீசன் இல்லாத நாட்களில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்குமே, அதைப்போல மாட்ரிட்டில் ஆகஸ்டில் குடும்பமாக நடத்தும் சின்னச் சின்ன உணவகங்கள் பல மூடிவிடும். வெயில் தாங்காமல் முதலாளியே கடற்கரை ஊருக்குப் போயிருப்பார். ‘விடுமுறைக்காக மூடப்பட்டுள்ளது’ என்று கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். நமக்கு டூர் மாதம் என்றால் அவர்களுக்கும் டூர் மாதம் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. ஏப்ரல், மே, செப்டம்பர் பிற்பகுதி, அக்டோபர் இவையே அந்த நாட்டின் தென்பாதிக்கு நல்ல காலம்.

பெருவின் கணக்கு வேறு. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் நாடு அது. மாச்சு பிச்சு பக்கம் நவம்பர் முதல் மார்ச் வரை மழை. மே முதல் செப்டம்பர் வரை வறண்ட வானம். நமக்குச் சாரல் அடிக்கும் ஜூன், ஜூலையில்தான் அங்கே நீலவானம், ராத்திரியில் கடுங்குளிர். மலையேறிப் போகும் இன்கா பாதையைப் பராமரிப்புக்காக ஒவ்வொரு பிப்ரவரியும் மூடிவிடுவார்கள். அர்ஜென்டினாவின் பாரிலோச்சேயில் ஜூலையில் பனிச்சறுக்கு விளையாடுவார்கள். மெக்சிகோவின் கான்கூன் கடற்கரைக்கோ ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். ஓட்டல் வாடகை அப்போது ஏன் குறைகிறது என்பது இப்போது புரியும். சாரல் ஜூனில் வரும் என்று தெரிந்த நமக்கு இது ஒன்றும் புதுப் பாடம் இல்லை. ஊர் பெயர்தான் புதுசு.

பெருவைப் பற்றி இன்னொரு நம்பிக்கை: மாச்சு பிச்சு ரொம்ப உயரம், அங்கேதான் மூச்சு வாங்கும் என்பது. மாச்சு பிச்சு சுமார் 2,430 மீட்டர் உயரம். நம் தொட்டபெட்டாவைவிடக் குறைவு. ஆளை அடித்துப்போடுவது அதற்கு முன்னால் விமானம் இறங்கும் கூஸ்கோ நகரம். அது 3,400 மீட்டர். நம் பொதிகை மலையின் அகத்தியர் சிகரமே 1,868 மீட்டர்தான். ஆனைமுடிகூட 2,700-ஐத் தொடாது. லிமா கடலோரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் அந்த உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால் தலைவலியும் குமட்டலும் வராமல் என்ன செய்யும்? முதல் இரண்டு நாளில் எதையும் திட்டமிடாமல் இருப்பதே நல்ல திட்டம். அப்பா, அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் கூஸ்கோவில் தங்காமல் நேரே இன்னும் தாழ்வான பள்ளத்தாக்கு ஊர்களுக்கு இறங்கிவிடுவது உத்தமம்.

“டிக்கெட்டைக் காட்டினா விசா தானா குத்திருவான்”

நான் கேட்டவற்றில் பணத்துக்கு அதிகம் வேட்டு வைக்கும் நம்பிக்கை இது. ஸ்பெயினுக்கு வேண்டியது, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா. அதற்கு விமான முன்பதிவு காட்ட வேண்டும். பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்கிக் காட்ட வேண்டும் என்பதில்லை. வாங்கினாலும் விசாவுக்கு உத்தரவாதம் கிடையாது. பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், சில வேளை 45 நாள். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. 6 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்கு 45. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பாஸ்போர்ட், அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்ல வேண்டும். இரண்டு பக்கமாவது வெற்றாக இருக்க வேண்டும். முதல் தடவை என்றால் கைரேகைக்கு நேரில் போயாக வேண்டும். கோடை நெருங்க நெருங்க அந்த நேரம் கிடைப்பதே பெரும்பாடு என்பதால், ஜனவரி, பிப்ரவரியிலேயே வேலையைத் தொடங்குவது நல்லது.

“எந்த நாட்டு விசா சுலபமோ அதுல போட்டு, ஸ்பெயின்ல சுத்திக்கலாம்” என்று ஒரு குறுக்கு யோசனையும் ஊருக்குள் ஓடுகிறது. விதி என்ன சொல்கிறதென்றால், அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எல்லா நாட்டிலும் சம நாள் என்றால் முதலில் நுழையும் நாடு. பத்து நாளில் எட்டு நாள் பார்சிலோனா ஓட்டல் ரசீதை வைத்துக்கொண்டு வேறொரு தூதரகத்தில் நின்றால், கேள்வி வராமல் இருக்காது.

மெக்சிகோவுக்கு இன்னொரு கணக்கு. செல்லுபடியாகும் அமெரிக்க, கனடா, பிரிட்டன், ஜப்பான் அல்லது ஷெங்கன் விசா வைத்திருக்கும் இந்தியருக்குத் தனி மெக்சிகோ விசா தேவையில்லை. டாலஸில் மகனைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு இது வசதி. ஆனால் அமெரிக்க விசா இல்லாதவர், அமெரிக்க விமான நிலையத்தில் ‘சும்மா மாறி ஏறத்தானே போறோம்’ என்று அந்த வழியாக டிக்கெட் எடுத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் விமானம் மாறவும் விசா வேண்டும். இந்த விதிகளெல்லாம் மாறக்கூடியவை. டிராவல்ஸ்காரர் சொன்னாலும் தூதரக இணையதளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

மொழியைப் பற்றிய பயம் வேறு. இங்கிலீஷ் எங்கும் போதும் என்பாரும், ஸ்பானிஷ் தெரியாமல் போனால் பட்டினிதான் என்பாரும் சம அளவில் தவறு. பார்சிலோனா ஓட்டலில் இங்கிலீஷ் ஓடும். உள்ளூர் பேருந்தில் ஓடாது. தமிழனுக்கு இந்த மொழியின் உச்சரிப்பு எளிது. அ, எ, இ, ஒ, உ என ஐந்தே உயிரொலிகள், எழுதியபடி வாசிப்பு. அவர்கள் தங்கள் நாட்டுப் பெயரைச் சொல்லும்போது வரும் ‘ஞ’ ஒலி உலகத்தில் பலருக்கு வாயில் நுழையாது. நமக்கு அது அரிச்சுவடியிலேயே இருக்கிறது. நீ, நீங்கள் என்ற மரியாதை வேறுபாடும் அவர்களிடம் உண்டு: தூ, உஸ்தெத். பெரியவர்களை உஸ்தெத் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். சப்போட்டா என்று தினமும் சொல்கிறோமே, அதுவே மெக்சிகோ ஆதிகுடிகளின் சொல் ஸ்பானிஷ் வழியாக நமக்கு வந்ததுதான். பார்சிலோனாவில் பெயர்ப்பலகைகள் கத்தலான் மொழியில் முந்திக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ச் சீமையில் இருந்த செங்கோட்டைப் பக்கம் தமிழும் மலையாளமும் கலந்து புழங்குவதைப் பார்த்தவர்களுக்கு அது சட்டென்று புரிந்துவிடும்.

“சைவம்னு சொன்னா போதும்”

போதாது. குஸ்கா சைவமா என்று கேட்டால் நம் ஊரில் என்ன பதில் வரும்? கறித்துண்டு இருக்காது, ஆனால் வெந்தது கறிப் பானையில். ஸ்பெயினில் ‘கார்னே’, அதாவது கறி, வேண்டாம் என்று சொன்னால் இந்தக் குஸ்கா நியாயம்தான் நடக்கும். கறி இல்லைதான், ஆனால் காய்கறிப் பொரியலில் பன்றித் தொடையின் சிறு துண்டுகள் கிடக்கும், சாலட்டின் மேல் சூரை மீன் உட்கார்ந்திருக்கும். பரிமாறுகிறவர் ஏமாற்றவில்லை, அவர் கணக்கில் அது ‘கறி’ இல்லை. கறி, மீன், ‘ஹமோன்’ எனும் பன்றித் தொடை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். முட்டை சாப்பிடாதவருக்கு இன்னொரு எச்சரிக்கை: ஸ்பெயினில் ‘தோர்த்தியா’ என்றால் உருளைக்கிழங்கு போட்ட முட்டை ஆம்லெட், மெக்சிகோவில் அதே பெயர் மக்காச்சோள ரொட்டிக்கு. மதியச் சாப்பாடு 2 மணிக்கு மேல், இரவுச் சாப்பாடு 9 மணிக்கு மேல். ஏழு மணிக்கே பசிக்கிறவர்கள் கைவசம் முறுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று, டிராவல்ஸ் விளம்பரங்களில் அநேகமாகக் கண்ணில் படாதது. தடுப்பூசி அந்த நாட்டுக்காரன் கேட்டால்தான் என்று நினைக்கிறோம். கேட்பது நம் நாடு. பெரு, கொலம்பியா, ஈக்வடார், பொலிவியா, அர்ஜென்டினா போன்ற மஞ்சள் காய்ச்சல் பட்டியல் நாடுகளிலிருந்து திரும்பி வரும்போது, தடுப்பூசிச் சான்று இல்லாவிட்டால் இந்திய விமான நிலையத்தில் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். ஸ்பெயினும் மெக்சிகோவும் அந்தப் பட்டியலில் இல்லை. ஊசி போட்ட 10-ஆம் நாளிலிருந்துதான் சான்று செல்லும். அதன்பின் ஆயுளுக்கும் போதும். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் மருத்துவர் யோசித்துத்தான் போடுவார். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். தென்காசியில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் தாம்பரம். அங்கிருந்து கிண்டிக்கு மின்சார ரயில். ஆனால் ரயிலுக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன், எந்த நாளில் ஊசி போடுகிறார்கள் என்று அங்கே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.