டீயில் இனிக்கும் சீனித் துளசி!

சின்ன காஞ்சிபுரத்தில் பட்டுத் தறியில் உட்காருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். "டீ உள்ளே போனாத்தாங்க கை ஓடும்" என்பார்கள். ஒரு டீக்கு 2 ஸ்பூன் சர்க்கரை, நாளைக்கு 5 டீ என்றால் 50 கிராம் சர்க்கரை, 200 கலோரி! இந்த நிலையில், 'உங்களுக்குச் சர்க்கரை நோய்' என்று டாக்டர் சொல்லிவிட்டால்..?

அப்போது கை கொடுப்பது சீனித் துளசி (ஸ்டீவியா). பெயரில்தான் துளசி, உண்மையில் இது சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. தாயகம் தென் அமெரிக்காவின் பராகுவே. அங்குள்ள குவாரனி மக்கள் இதன் இலையைப் பானங்களில் போட்டுக் குடித்து வந்தார்கள். இலையிலிருந்து பிரித்தெடுக்கும் ஸ்டீவியால் கிளைகோசைடு, சர்க்கரையைப் போல் 200 முதல் 300 மடங்கு இனிக்கும். கலோரி இல்லை என்றே சொல்லலாம். ரத்தச் சர்க்கரையையும் ஏற்றாது. இந்தியாவில் 2015ல் இதற்கு அனுமதி கிடைத்தது.

எப்படிச் சேர்ப்பது? பாக்கெட்டில் சொன்ன அளவுக்கு மேல் வேண்டாம். கூடினால் கசக்கும். லேபிளையும் படியுங்கள். டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் கலந்திருந்தால், அவை உடம்பில் குளுகோஸாகத்தான் சேரும்.

உடம்பு இளைக்க இதை நம்பாதீர்கள் என்று 2023ல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று முக்கியம். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குத் திடீரென்று சர்க்கரை குறைந்து வியர்த்து, கை நடுங்கினால் சீனித் துளசி உதவாது. நிஜச் சர்க்கரைதான் வேண்டும். அதனால் சர்க்கரை டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்!