குஞ்சிலேயே தெரியுமா எடை?

கேள்வி: நாட்டுக்கோழி வளர்க்கிறேன். மரபணுச் சோதனை செய்தால் வேகமாக வளரும் சேவலைக் குஞ்சிலேயே பொறுக்கிவிடலாம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: பாதி உண்மை. நம் கோழிகளின் மூதாதையான செங்காட்டுக்கோழியின் மரபணுத்தொகை 2004-ல் வெளியானபின், வளர்ச்சியோடு சேர்ந்து வரும் குறியீடுகள் (டி.என்.ஏ.வில் உள்ள அடையாளங்கள்) பல தெரியவந்தன. ஆனால் எடையைப் பெரும்பாலும் பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாய்த்தான் தீர்மானிக்கின்றன. ஒரு குறியீட்டை மட்டும் பார்த்துச் சேவலுக்கு விலை பேசாதீர்கள்.

விதிவிலக்கு, குள்ள மரபணு. வளர்ச்சி ஹார்மோனை ஏற்கும் புரதத்தில் வரும் பழுது அது. இசட் என்னும் பால் குரோமோசோமில் இருக்கிறது. பெட்டைக்கு இசட் ஒன்றே ஒன்று, அதுவும் அப்பனிடமிருந்து வருவது. அதனால் குள்ளத் தாயோடு குள்ள மரபணு இல்லாத சேவலைச் சேர்த்தால் பெட்டைக் குஞ்சுக்குக் குள்ளம் வராது. சேவல் குஞ்சும் ஏறக்குறைய வழக்கமான அளவுக்கு வளரும். தாய் தின்னும் தீவனம் மிச்சம். பிராய்லர் தாய்க்கோழிகளில் இந்தத் தந்திரம் உண்டு.

உங்கள் பண்ணைக்கு? எடைக்குத் தராசே போதும். காலில் வளையம் மாட்டி, எட்டாம் வாரம் நிறுத்து, நோட்டில் எழுதி வையுங்கள். தராசில் ஏறாத குணங்களுக்குத்தான், உதாரணமாகச் சேவல் தன் மகள்களுக்குக் கொடுக்கும் முட்டைத் திறனுக்கு, குறியீடு உண்மையில் கைகொடுக்கும்.