ரணகள்ளிக்கு ஒன்றுவிட்ட சொந்தம்

கேள்வி: திருப்பத்தூர் நர்சரியில் ரோஜாப்பூ போல இலை அடுக்கிய இரண்டு சின்னச் செடிகள் வாங்கினேன். ஒன்று சாம்பல் பூத்த வெளிர்நீலம். மற்றது கரும்பச்சை, மேலே வெள்ளை வரிகள். கடைக்காரர் இரண்டையுமே 'சக்குலன்ட்' என்றார். இவை எந்த ஊர்ச் செடிகள்?
– ஒரு வாசகி, ஜமுனாமரத்தூர்

பதில்: கடைக்காரருக்குத்தான் இரண்டும் ஒன்று. உண்மையில் இவற்றுக்கிடையே ஒட்டுமில்லை, உறவுமில்லை.

சாம்பல் பூத்தது எச்சிவேரியா. இதில் பெரும்பாலான வகைகளுக்குச் சொந்த ஊர் மெக்சிகோவின் மலைகள். 1787 முதல் 1803 வரை ஸ்பெயின் அரசு அங்கே நடத்திய தாவர ஆய்வுப் பயணத்தில் செடிகளைப் படமாக வரைந்தவர் அத்தனாசியோ எச்சிவெரியா. 1828-இல் தாவரவியலாளர் தெ கந்தோல் இந்தப் பேரினத்துக்கு அவர் பெயரையே வைத்தார். ஓவியருக்கு இப்படி ஒரு மரியாதை கிடைப்பது அபூர்வம். நம் வேலியோரத்து ரணகள்ளியும் எச்சிவேரியாவும் ஒரே குடும்பம். அந்த ரணகள்ளியும் மடகாஸ்கரிலிருந்து வந்து குடியேறியதுதான்.

வரிபோட்டது ஹவோர்த்தியா வகை; தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியைச் சேர்ந்தது. வரியை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று தட்டுப்படும், அது சாயமல்ல, இலைமேல் புடைத்த வெள்ளைப் பருக்கள். இதற்குச் சொந்தம் சோற்றுக்கற்றாழை.

இரு குடும்பங்களும் தனித்தனியே ஒரே வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. தண்டு குட்டை, ஒவ்வொரு புது இலையும் முந்தையதிலிருந்து ஏறக்குறைய 137 பாகை திரும்பி முளைப்பதால் ஒன்றின் நிழல் மற்றதன்மேல் முழுதாக விழுவதில்லை. எச்சிவேரியாவை வெளிச்சம் குறைந்த இடத்தில் வைத்தால், வெயிலைத் தேடித் தண்டு நீண்டு இந்த அடுக்கு குலைந்துவிடும். நீண்டது நீண்டதுதான், திரும்பச் சுருங்காது. ஹவோர்த்தியா புதர் நிழலில் வளர்ந்து பழகியது, ஜன்னலோரமே போதும்.

கேள்வி: மலையில் என் வீட்டில் செழிப்பாக இருக்கும் எச்சிவேரியா, சென்னையில் அக்கா வீட்டில் அழுகிவிட்டது. தண்ணீர் நிறைய ஊற்றிவிட்டாரோ?
– அதே வாசகி

பதில்: அக்காவை மட்டும் குறை சொல்லாதீர்கள், சென்னையின் ராத்திரிக்கும் அதில் பங்குண்டு. மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். இவை வெயிலில் ஈரத்தை இழக்காமல் இருக்கப் பகலில் அடைத்துக்கொண்டு இரவில்தான் திறக்கின்றன. உங்கள் காவலூர் வானாய்வகத்தைப் போல இவற்றுக்கும் ராத்திரி டியூட்டி! இரவில் எடுத்த வாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்து வைத்துப் பகல் வெளிச்சத்தில் உணவாக்கும். இந்த வேலைக்கு இரவு குளிர வேண்டும். உங்கள் ஜவ்வாது மலையில் குளிர்கிறது, சென்னையில் கோடை முழுக்கப் புழுக்கம்.

இந்த அமிலக் கணக்கை ஆரம்பத்திலேயே கவனித்து எழுதியவர்களில் ஒருவர் நம் பக்கத்தில் வாழ்ந்தவர். பெஞ்சமின் ஹைன், தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகச் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்தவர். ரணகள்ளி இலை காலையில் புளிக்கிறது, உச்சிவேளையில் சப்பென்று இருக்கிறது, சாயங்காலம் லேசாகக் கசக்கிறது என்று 1813-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். 1815-இல் லண்டன் லின்னேயன் சங்கம் அதை அச்சிட்டது. கருவி எதுவும் இல்லை, நாக்கு ஒன்றுதான் ஆய்வுக்கூடம். நீங்கள் அதை முயல வேண்டாம். ரணகள்ளியில் இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு உண்டு. ஆடு மாட்டுக்கும் ஆகாது.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். மத்திய மெக்சிகோவில் மழை கோடையில், குளிர்காலம் வறட்சி. நமக்கோ ஐப்பசி கார்த்திகையில்தான் அடைமழை. அந்த இரண்டு மாதமும் எச்சிவேரியாவைக் கூரைக்குக் கீழே எடுத்து வைத்துவிடுங்கள். செம்மண்ணில் பாதிக்குப் பாதி கொரமணல் கலந்து, அடியில் ஓட்டையுள்ள மண்தொட்டியில் நடுங்கள். மண் முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர், அதுவும் இலைமேல் படாமல். அந்தச் சாம்பல் பூச்சு செடி தானே பூசிக்கொண்ட மெழுகு. விரல் பட்டு அழிந்தால் அந்த இலையில் மறுபடி வராது. ஹவோர்த்தியாவுக்கு மழையைவிடக் கோடைதான் சோதனை. சித்திரை வைகாசியில் அது சோம்பிக் கிடக்கும். வாடுகிறதே என்று ஊற்றினால் வேர் அழுகும்.

கேள்வி: அக்காவுக்கு இன்னொரு செடி தர வேண்டும். இதுபோல நம் மலைக்காட்டிலேயே கிடைக்குமா?
– மறுபடியும் அவரே!

பதில்: எச்சிவேரியாவும் ஹவோர்த்தியாவும் இந்தியக் காடுகளில் இல்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட காடுகளில் கொத்தாக இலைவிடும் சதைப்பற்றுச் செடி என்றால் மருள். அதன் நாரில் அந்தக் காலத்தில் வில்லுக்கு நாண் திரித்தார்கள். அழகுக்காக அதைப் பிடுங்கி வராதீர்கள். கலிபோர்னியாவில் டட்லியா என்ற ரோஜா வடிவச் செடியை மலைச்சரிவுகளிலிருந்து மூட்டை மூட்டையாகத் திருடி விற்று, 2021-இல் அதற்கென்றே தனிச்சட்டம் போட வேண்டியதாயிற்று.

அக்காவுக்கு உங்கள் தொட்டியிலிருந்தே கொடுக்கலாம். எச்சிவேரியாவின் அடியிலையை இரு விரலால் பிடித்து இடமும் வலமுமாக மெல்ல அசைத்தால் அடிப்பாகம் சிதையாமல் கழன்று வரும். நிழலில் உலர்ந்த மணல்மேல் சும்மா போட்டு வையுங்கள். சில வாரங்களில் கழன்ற முனையில் இளஞ்சிவப்பு வேரும், மிளகு அளவில் ஒரு குட்டிச் செடியும் தெரியும். தாயிலை தன் நீரை அதற்குக் கொடுத்துச் சுருங்கிப்போகும். ஹவோர்த்தியாவில் பக்கத்தில் குட்டி வெடிக்கும். பிரித்து, இரண்டு நாள் காயவிட்டு நடுங்கள். சென்னைக்கு இதையே அனுப்புங்கள், கோடையில் மட்டும் தண்ணீரைக் குறைக்கச் சொல்லுங்கள். எச்சிவேரியா அங்கே வேண்டாம்.