வெளுப்பானும் வண்ணத்துணியும்: கடைக்காரர் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை

களக்காடு வட்டாரத்தில் வாழைத்தார் வெட்டு நடக்கும் நாட்களில் நமது மளிகைக் கடைகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "அண்ணாச்சி, வாழைக்கறை போக என்ன இருக்கு?" பெரும்பாலும் பிளீச்சிங் பவுடர் பொட்டலம் ஒன்று கைமாறும். வெள்ளைப் பருத்தி வேட்டிக்கு அது உதவலாம். கட்டம் போட்ட சாரத்திலோ வண்ணச் சேலையிலோ பட்டால், கறையோடு சாயமும் போய், துணி திட்டுத் திட்டாக வெளுத்துவிடும். பழி கடைக்கு வந்து சேரும்.

சாயம் ஏன் போகிறது?

குளோரின், நிறம் தரும் பொருளையே சிதைக்கிறது. கறையின் நிறம், சாயத்தின் நிறம் என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. புதுத்துணியில் ஒட்டாத சாயம் தண்ணீரில் கசிவது வேறு விஷயம். பெரும்பாலும் சில அலசல்களில் அது குறைந்துவிடும். வெளுப்பான் அழித்த நிறமோ எத்தனை அலசினாலும் திரும்பாது. பட்டிலும் கம்பளியிலும் நூலே கெட்டுவிடும்.

இரண்டு வகை

குளோரின் வகை: பிளீச்சிங் பவுடர், புட்டியில் வரும் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம். 1799-ல் கிளாஸ்கோ நகரில் சார்லஸ் டென்னன்ட் காப்புரிமை பெற்ற வெளுப்புத்தூளே இன்றைய பிளீச்சிங் பவுடருக்கு முன்னோடி. அன்று முதல் இதன் வேலை வெள்ளைத் துணியை வெளுப்பதுதான்.

ஆக்சிஜன் வகை: சோடியம் பெர்கார்பனேட் கலந்த தூள்கள். நீரில் கரைந்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. இது மென்மையானது, சாயம் நிலைத்த பெரும்பாலான பருத்தித் துணிகளுக்கு ஏற்றது. குளிர்ந்த நீரில் மெதுவாகவும், வெந்நீரில் நன்றாகவும் வேலை செய்யும். பட்டுக்கும் கம்பளிக்கும் இதுவும் வேண்டாம்.

எல்லாச் சலவைத்தூளிலும் வெளுப்பான் இருப்பதில்லை. பலவற்றில் இருப்பது வெண்மை கூட்டிக் காட்டும் ஒளிர்பொருள். அது சாயத்தை அழிப்பதில்லை. ஆனால் சந்தனம், காக்கி போன்ற வெளிர் நிறங்களின் தோற்றம் மாறலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 86-வது பிரிவு நமக்கு முக்கியமானது. உற்பத்தியாளர் தந்த எச்சரிக்கையையும் உபயோக முறையையும் விற்பவர் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்காமல், அதனால் சேதம் நேர்ந்தால், விற்பவரும் பொறுப்பாவார். மூட்டையைப் பிரித்துச் சில்லறையாகக் கட்டும்போது லேபிள் மூட்டையோடு நின்றுவிடுகிறது. அந்தப் பொட்டலத்துக்கு நமது வாய்ச்சொல்தான் லேபிள்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. கொடுக்குமுன் "வெள்ளைக்கா, கலருக்கா?" என்று கேட்போம்.

2. சில்லறைப் பொட்டலத்தில் "வெள்ளைப் பருத்திக்கு மட்டும்" என்று எழுதிய சீட்டு ஒன்றை வைப்போம்.

3. வண்ணத்துணிக்கு ஆக்சிஜன் வகையைக் கொடுப்போம். அதையும் முதலில் உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டு, சில நிமிடம் கழித்துப் பார்க்கச் சொல்வோம்.

4. பிளீச்சிங் பவுடரை ஈரமும் வெயிலும் படாமல், மூடி வைப்போம். காற்றுப்பட்டால் வீரியம் குறையும். அதன் நெடி பக்கத்திலுள்ள துணியையும் கெடுக்கும்.

5. கழிப்பறை ஆசிட்டுடன் ஒரே பையில் போட வேண்டாம். இரண்டும் கலந்தால் நச்சுக் குளோரின் வாயு வரும்.

பொட்டலத்தில் கிடைக்கும் லாபம் சில ரூபாய்தான். கெட்டுப்போகும் சேலையின் விலையோ பல நூறு. கேட்கும் ஒரு கேள்விக்குச் செலவு எதுவுமில்லை. வாடிக்கையாளர் மறுபடியும் நம் கடைக்கே வருவார்.