படத்துக்கு ஊர் கேட்காதே

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. திருச்சுழிப் பக்கம் இன்னும் மழை எட்டிப் பார்க்கவில்லை. மானாவாரிக்கு உழுது போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஐரோப்பியப் படம்தான் கலை, அமெரிக்கப் படம் வெறும் வியாபாரம் என்று எழுதியிருந்தாய். நம்ம ஊரில் படமெடுக்க என்ன இருக்கிறது என்றும் கேட்டிருந்தாய். இரண்டும் ஒரே கோளாறுதான் தாயி. படத்தை அது வந்த ஊரை வைத்து எடைபோடுகிறாய். அதனால்தான் உன் ஊரும் உனக்கு இளைத்துத் தெரிகிறது.

செர்ஜியோ லியோனி இத்தாலிக்காரர். அமெரிக்கக் கௌபாய் கதையை எடுத்துக்கொண்டு 'தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி' (1966) படத்தின் பெரும்பகுதியை ஸ்பெயினில்தான் எடுத்தார். அல்மேரியாவின் வறண்ட நிலமும் அதில் உண்டு. அதை எந்தக் கண்டத்துக் கணக்கில் எழுதுவாய்?

நான் படத்தில் தேடுவது வேறு. அதில் வருகிறவர்கள் என்ன வேலை செய்து பிழைக்கிறார்கள், தண்ணீர் யார் கையில் இருக்கிறது, நிலம் யாருடையது. இதெல்லாம் எடுத்தவருக்குத் தெரிந்திருந்தால் படம் எனக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

குளோத் பெரி எடுத்த 'ஜான் த ஃப்ளோரெத்' (1986) பார். பிரான்ஸின் புரோவான்ஸ் பகுதியில் நடக்கும் கதை. பட்டணத்திலிருந்து விவசாயம் பண்ண வருகிறான் ஒரு கூனன். அவன் நிலத்தை அமுக்க நினைக்கும் பக்கத்துக்காரர்கள், அதிலிருந்த ஊற்றை அவன் வருவதற்கு முன்பே சிமெண்ட் வைத்து அடைத்துவிடுகிறார்கள். அவன் புத்தகம் பார்த்து மழைக்கணக்குப் போடுகிறான். மழையோ மலைக்கு அந்தப் பக்கம் பெய்துவிட்டுப் போகிறது. தூரத்திலிருந்து தண்ணீர் சுமந்து சலித்து, கடைசியில் வேட்டு வைத்துக் கிணறு தோண்டப்போய் அந்த வேட்டுக்கே பலியாகிறான். கிணற்று வெட்டுக்குப் போனவர்கள் நம் பக்கம் எத்தனை பேர்! அவர்களுக்கு இந்தப் படத்தை விளக்கவே வேண்டாம். ஊற்று இருக்கும் விஷயம் ஊருக்குத் தெரியும். அந்நியன்தானே என்று வாயைத் திறக்கவில்லை. ஊற்றை அடைத்தவர்களைவிட அந்த ஊர்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

இப்போது அமெரிக்காவுக்கு வா. ஜான் ஃபோர்டின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' (1940) ஹாலிவுட் கம்பெனிப் படம்தான். ஓக்லஹோமாவில் வறட்சியும் கடனும் சேர்ந்து குடியானவர்களை விரட்டுகின்றன. வீட்டை இடிக்க டிராக்டரில் வருகிறவன் தெரிந்தவர் வீட்டுப் பையன், கூலிக்கு ஓட்டுகிறான். துப்பாக்கியைத் தூக்கியவனுக்கு யாரைச் சுடுவதென்று தெரியவில்லை. பையனுக்கு மேலே கம்பெனி, அதற்கும் மேலே பேங்க். ரோமன் போலன்ஸ்கியின் 'சைனாடவுன்' (1974) துப்பறியும் கதை. துப்புத் துலக்கத் துலக்கத் தண்ணீர்த் திருட்டு வெளியே வருகிறது. பஞ்ச காலத்திலும் ராத்திரியில் தண்ணீரைத் திறந்து வீணாக்குகிறார்கள், காய்ந்த நிலத்தை அடிமாட்டு விலைக்கு வாங்க. கண்மாய் மடைக்குச் சண்டை போட்ட ஊர்க்காரர்களுக்கு இது நன்றாகவே புரியும். இதை வியாபாரம் என்று தள்ளினால் நட்டம் உனக்குத்தான்.

அதே சமயம் பெரிய பெயருக்காகத் தலையாட்டாதே. கோதாரின் 'பிரெத்லெஸ்' (1960) படத்தில் காட்சியை வெட்டி ஒட்டிய துணிச்சலை ரசித்தேன். ஆனால் கடைசியில் கதாநாயகன் செத்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை உன் சினிமா வகுப்பில் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லிப் பழகு. ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்.

நம்ம ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். உலக சினிமாவைத் தமிழில் எழுதி எங்களுக்கெல்லாம் அறிமுகம் செய்தவர்களில் ஒருவர் எஸ். ராமகிருஷ்ணன். அவர் நம்ம மல்லாங்கிணற்றுக்காரர். மேலூர்ப் பக்கத்து வெயிலில் 'கூழாங்கல்' எடுத்தார் பி.எஸ். வினோத்ராஜ். அப்பனும் மகனும் பொட்டல் வெளியில் நடப்பதுதான் பெரும்பாலும் படம். குழியில் தண்ணீர் ஊற ஊறப் பொறுமையாக அள்ளும் பெண்களை அதில் பார்த்திருப்பாய். 2021-இல் ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது அதற்குத்தான் கிடைத்தது. அந்தப் பொட்டலுக்கும் நம் கரிசலுக்கும் எத்தனை தூரம் சொல்?

ஒரு யோசனை சொல்கிறேன். பிடித்த படத்தை இரண்டாவது தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பார். கை கால்கள் என்ன செய்கின்றன என்று கவனி. கேமரா வைத்த இடத்தைக் காப்பியடிக்காதே. அதை அங்கே வைக்க எடுத்தவருக்கு என்ன தெரிந்திருந்தது என்று யோசி.

லீவுக்கு வரும்போது கரிமூட்டம் போடும் இடத்துக்குக் கூட்டிப்போகிறேன். சீமைக்கருவேல விறகை அடுக்கி, செத்தை போர்த்தி, மண் பூசி, தீ வைத்துவிட்டு ராப்பகலாகக் காவல் இருப்பார்கள். காற்றுப் புகுந்தால் கரி சாம்பலாகிவிடும். புகையைப் பார்த்தே உள்ளே நடப்பதைச் சொல்வார்கள். கேமராவை எடுத்து வராதே. நோட்டும் பேனாவும் போதும். யாருக்கு என்ன கூலி, விறகு யாருடையது, கரி எங்கே போகிறது, எல்லாம் கேட்டு எழுது. எழுதியதை முதலில் எனக்குப் படித்துக் காட்டு. அதற்கப்புறம் நம்ம ஊரில் என்ன இருக்கிறது என்று நாம் சண்டை போடலாம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் பெரியப்பா