பாவனையாளர் பாதுகாப்பு: உத்தரவாத அட்டையை வாசித்தல்



"பாவனையாளர் உரிமைகள் நான்கினைக் குறிப்பிடுக" என்ற வினாவுக்கு உங்களில் பெரும்பாலானோர் இலகுவாக விடை எழுதிவிடுவீர்கள். பாதுகாப்புப் பெறும் உரிமை, தகவல் அறியும் உரிமை, தெரிவு செய்யும் உரிமை, முறையிடும் உரிமை என்பனவே அவை. அமெரிக்க ஜனாதிபதி கென்னடி 1962 மார்ச் 15 இல் இவற்றை அந்நாட்டுக் காங்கிரசுக்கு எடுத்துரைத்தார் என்பதும், அதனாலேயே அத்தினம் உலகப் பாவனையாளர் உரிமைகள் தினமாகக் கொள்ளப்படுகிறது என்பதும் வகுப்பில் படித்தவையே. ஆனால் ஒரு சம்பவத்தைத் தந்து, "இக்குடும்பம் எங்கே தவறிழைத்தது? இனி என்ன செய்யலாம்?" என்று கேட்கும்போது மனனம் கைகொடுக்காது. இப்பாடம் அத்தகைய வினாக்களுக்கானது. வீட்டில் அடுத்த முறை ஏதேனும் பொருள் வாங்கும்போதும் பயன்படும்.

ஒரு பழைய துண்டு

மலையகத் தோட்டங்களில் முன்பு "துண்டு" முறை என்று ஒன்று இருந்தது. ஒரு தொழிலாளி தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவர் தரவேண்டிய கடன் இவ்வளவு, அதனைச் செலுத்தினால் விடுவிக்கப்படுவார் என்று எழுதிய சிறு காகிதம் வேண்டும். அதில் எழுதப்பட்ட தொகை சரியா பிழையா என்பதைத் தொழிலாளியால் பெரும்பாலும் வாசித்து அறிய முடியவில்லை. கடன் ஒரு கங்காணியிடமிருந்து இன்னொரு கங்காணிக்கு மாறியது. ஆளும் அதனோடு மாறினார். இம்முறை 1921 இல் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது.

துண்டு முறை வரலாற்றுப் பாடத்துக்கு உரியது. எனினும் வாசிக்காமல் ஏற்றுக்கொண்ட காகிதம் ஒருவரை எவ்வளவு தூரம் கட்டிவைக்கும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் நமக்குக் கிடைக்காது. இன்று வீட்டுக்கு வரும் காகிதங்கள் வேறு: பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, வாடகைக் கொள்வனவு ஒப்பந்தம். வாசித்து வைத்திருந்தால் இவை நமக்குப் பாதுகாப்பு.

உத்தரவாதம் என்றால் என்ன?

விற்ற பொருளில் குறிப்பிட்ட காலத்துக்குள் பழுது ஏற்பட்டால் திருத்தித் தருவதாகவோ மாற்றித் தருவதாகவோ உற்பத்தியாளர் அல்லது விற்பனையாளர் அளிக்கும் வாக்குறுதியே உத்தரவாதம் ஆகும். இதற்குத் தனியாகக் காசு கொடுப்பதில்லை. அது பொருளின் விலையிலேயே அடங்கியுள்ளது.

எழுதித் தரப்படாத உத்தரவாதமும் உண்டு. 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், வியாபாரி விற்கும் பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பதைப் பொதுவாக விற்பனை ஒப்பந்தத்தின் உட்கிடையான நிபந்தனையாகக் கொள்கிறது. அட்டையில் ஒரு வரியும் எழுதப்படாவிட்டாலும் இந்நிபந்தனை உள்ளது. இச்சட்டம் நடைமுறைக்கு வந்து 25 ஆண்டுகள் கழிந்த பின்னரே துண்டு முறை ஒழிந்தது என்பதையும் கவனியுங்கள். கடையில் பாவனையாளருக்கு இருந்த உரிமை தோட்டத்தில் தொழிலாளிக்கு இருக்கவில்லை.

இனி நீடிக்கப்பட்ட உத்தரவாதத்துக்கு வருவோம். கடைகளில் இதனை "எக்ஸ்டெண்டட் வொரண்டி" என்பர். முதல் வருட உத்தரவாதம் முடிந்த பின் மேலும் இரண்டு அல்லது மூன்று வருடங்களுக்குப் பாதுகாப்புத் தருவதாகக் கூறி, மேலதிகமாக ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு விற்கப்படுவது இது. பொருளை வாங்க முடிவு செய்து, பற்றுச்சீட்டு எழுதப்படும் கடைசி நேரத்தில்தான் பெரும்பாலும் இப்பேச்சு தொடங்கும். "அம்மா, இவ்வளவு காசு போட்டு வாங்குறீங்க, இதையும் போட்டா மூணு வருசத்துக்குக் கவலையே இல்ல" என்பார் விற்பனையாளர். யோசிக்கவோ வேறு கடையில் விசாரிக்கவோ அப்போது நேரம் இருப்பதில்லை.

கணக்கிட்டுப் பார்ப்போம்

விளக்கத்துக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். ஒரு குளிர்சாதனப் பெட்டிக்கு இரண்டு வருட நீடிக்கப்பட்ட உத்தரவாதத்தின் விலை 8,100 ரூபா என்க. 2024 இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளமான 1,350 ரூபாவால் வகுத்தால், அது 6 நாள் உழைப்பாகும்.

அதனையே தவணைக் கொள்வனவில் சேர்த்தால் என்ன நடக்கும்? உத்தரவாதத்தின் விலையும் கடன் தொகையோடு சேர்ந்துவிடும். வருடத்துக்கு 20 வீத எளிய வட்டியில் இரண்டு வருடம் எனின், வட்டி 3,240 ரூபா. மொத்தம் 11,340 ரூபா. இப்போது 6 நாள் 8.4 நாளாகிறது. பழுதே ஏற்படாத ஒரு பெட்டிக்காக எட்டு நாளுக்கு மேல் கொழுந்து பறிக்க வேண்டியிருக்கிறது.

கடைக்காரரின் பக்கத்தில் நின்றும் பாருங்கள். 100 பேர் தலா 8,100 ரூபா செலுத்தினால் 810,000 ரூபா சேரும். அவர்களுள் 12 பேரின் பெட்டிகள் பழுதடைந்து, ஒவ்வொன்றையும் திருத்த 15,000 ரூபா செலவானால் மொத்தச் செலவு 180,000 ரூபா. மீதி 630,000 ரூபா. எத்தனை பேருடைய பெட்டி பழுதடையும் என்பது கடைக்குக் கடை வேறுபடும். ஆனால் வரவு செலவை விட அதிகமாக இருக்கும்படிதான் விலை வைக்கப்படுகிறது என்பது மாறாது.

மின்சாதனங்கள் பழுதடையும் காலத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. உற்பத்திக் குறைபாடு இருந்தால் அது பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே வெளிப்பட்டுவிடும். அக்காலத்துக்கு இலவச உத்தரவாதம் உள்ளது. தேய்மானத்தால் வரும் பழுது பல வருடங்களின் பின் வரும். அப்போது நீடிக்கப்பட்ட உத்தரவாதமும் முடிந்திருக்கும். நாம் காசு கொடுத்து வாங்குவது இடைப்பட்ட காலத்தை. பழுது மிகக் குறைவாக ஏற்படும் காலம் அதுவே.

இது நம் நாட்டில் மட்டும் உள்ள சிக்கல் அன்று. பிரித்தானியாவின் போட்டி ஆணைக்குழு 2003 இல் இவ்வியாபாரத்தை ஆராய்ந்து, அங்கு போதிய போட்டி இல்லை என்று முடிவு செய்தது. அதன்படி 2005 இல் பிறப்பிக்கப்பட்ட கட்டளையின் கீழ், கடைகள் நீடிக்கப்பட்ட உத்தரவாதத்தின் விலையைப் பொருளின் விலையோடு காட்சிப்படுத்த வேண்டும். வாங்கியவர் 45 நாட்களுக்குள் அதனை இரத்துச் செய்து முழுப் பணத்தையும் மீளப்பெறவும் வழி செய்யப்பட்டது. யோசிக்க நேரம் கொடுப்பதே அக்கட்டளையின் உட்கருத்து. நமக்கு அவ்வாறு நேரம் தரப்படாவிட்டால், "நாளைக்கு வந்து சொல்கிறோம்" என்று நாமே எடுத்துக்கொள்ளலாம்.

எல்லா நீடிக்கப்பட்ட உத்தரவாதங்களும் மோசடி என்று விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள். அது பிழை. நிபந்தனைகள் தெளிவாகவும் சேவை நிலையம் அருகிலும் இருந்து, ஒரே தடவையில் பெருந்தொகை செலவழிக்க இயலாத குடும்பமாகவும் இருந்தால் அது பயன்படக்கூடும். அட்டையை வாசித்தபின் எடுக்க வேண்டிய முடிவு அது.

சிறிய எழுத்தில் இருப்பவை

அட்டையின் முன்பக்கத்தில் "10 வருட உத்தரவாதம்" என்று பெரிதாக இருக்கும். பின்பக்கத்தில் அது கொம்பிரசருக்கு மட்டும் என்றிருக்கும். வாயு நிரப்புதல், கூலி, போக்குவரத்து, கதவின் இறப்பர், மின்குமிழ் ஆகியன அதில் அடங்காமல் போகலாம்.

மின்னல், மின்னழுத்த ஏற்றத்தாழ்வு ஆகியவற்றால் வரும் சேதம் அடங்காது என்ற நிபந்தனையும் பல அட்டைகளில் காணப்படும். நமது பிரதேசத்துக்கு இது மிக முக்கியமானது. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடி மின்னல் நமக்குப் புதிதல்ல. லயத்தில் மாலையில் எல்லா வீட்டிலும் அடுப்பும் கேத்திலும் போடும்போது மின்குமிழ் மங்குவதையும் பார்த்திருப்பீர்கள். மலையகத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி எதனால் பழுதடையக்கூடுமோ அதையே அட்டை விலக்கிவைத்திருந்தால், அந்த அட்டையால் பயன் சொற்பம்.

வெளியாள் ஒருவர் பெட்டியைத் திறந்தால் உத்தரவாதம் இரத்தாகும். தைக்கும் இயந்திரத்தைக் கூலித் தையலுக்குப் பாவித்தால் "வணிகப் பாவனை" என்று கைவிரிக்கலாம். சேவை நிலையம் கொழும்பில் இருந்தால், பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ உள்ள தோட்டத்திலிருந்து அதைக் கொண்டுபோகும் வாகனக் கூலி யாருடையது என்று முன்னரே கேட்க வேண்டும். அட்டை சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மட்டும் இருந்தால், கையொப்பமிடுமுன் தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசிப்பித்தல் வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்தத் தெரிந்த ஒருவர் நீங்கள்தான்.

வாசலுக்கு வரும் மோசடிகள்

சம்பளம் கிடைத்த வார இறுதியில் ஒரு வேன் லயத்துக்கு வருகிறது. வீட்டுக்கு வீடு சுரண்டல் அட்டை கொடுக்கிறார்கள். "அக்கா, ஒங்களுக்குத்தான் அதிர்ஷ்டம்! 35,000 ரூபா கேஸ் அடுப்பு, 12,000 கட்டினாப் போதும், அஞ்சு வருசம் வொரண்டி." பக்கத்து வீட்டிலும் அதே பரிசு. எல்லா அட்டைக்கும் பரிசு விழுகிறது என்பதை அடுத்த நாள் பீலிக்கரையில்தான் பேசிக்கொள்கிறார்கள். பற்றுச்சீட்டில் நிறுவனத்தின் முகவரி இல்லை. கைத்தொலைபேசி இலக்கம் மட்டும் உண்டு. அதுவும் வேலை செய்வதில்லை. ஐந்து வருட உத்தரவாதத்தை நிறைவேற்ற வேண்டியவர் யார் என்பதே தெரியாதபோது, அந்த அட்டை வெறும் அச்சடித்த தாள்.

தொலைபேசியில் வரும் மோசடியும் இவ்வகையே. பரிசு விழுந்துள்ளது, அதைப் பெறச் சிறு கட்டணம் அனுப்புங்கள் என்பர். அல்லது ஓ.டி.பி. எனப்படும் இரகசிய இலக்கத்தைக் கேட்பர். நாம் வாங்காத சீட்டுக்குப் பரிசு விழாது. ஆட்களைச் சேர்த்தால் பணம் பெருகும் என்னும் பிரமிட் திட்டங்களை 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு தடைசெய்கிறது. அவற்றை நடத்துவது மட்டுமன்றி, தெரிந்துகொண்டே பிறரைச் சேர்ப்பதும் குற்றமாகும்.

கைத்தொலைபேசி வாங்குவோர் *#06# என அழுத்தி வரும் 15 இலக்க எண்ணை, ஐ.எம்.ஈ.ஐ. என்ற எழுத்துகளை ஆங்கிலத்தில் முன்னே இட்டு 1909 க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவான கருவியா என அறியலாம். காசு கொடுக்குமுன் கடையில் நின்றபடியே செய்ய வேண்டியது இது. "செக்கிங் வொரண்டி" என்று சொல்லப்படுவது சில நாள் பரிசோதனைத் தவணை மட்டுமே.

சட்டம் தரும் பாதுகாப்பு

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை அமைக்கப்பட்டது. இதற்கு முன் இருந்த 1979 ஆம் ஆண்டின் பாவனையாளர் பாதுகாப்புச் சட்டம் இதனால் நீக்கப்பட்டது. அதிகாரசபையின் துரித இலக்கம் 1977. பாவனையாளரைத் தவறாக வழிநடத்தல், பொய்யான விபரம் கூறுதல் ஆகியவற்றை 30 ஆம், 31 ஆம் பிரிவுகள் தடைசெய்கின்றன. கேட்டால் பற்றுச்சீட்டு வழங்குவது வியாபாரியின் கடமையாகும்.

பரீட்சைக்கும் வாழ்க்கைக்கும் மிக முக்கியமானது 13 ஆம் பிரிவு. விற்கப்பட்ட பொருள் வெளிப்படையான அல்லது உட்கிடையான உத்தரவாதத்துக்கு அமைவாக இல்லாவிடின் அதிகாரசபையிடம் முறையிடலாம். விசாரணையின் பின் நட்டஈடு வழங்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ கட்டளையிட அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் செய்யப்படவும் வேண்டும்.

இம்மூன்று மாதத்தைப் பலர் கடையிலேயே தொலைத்துவிடுகின்றனர். "பார்ட்ஸ் வரல, அடுத்த மாசம் வாங்க" என்பார்கள். அடுத்த மாதம் முதலாளி இருக்கமாட்டார். மூன்றாவது மாதம் கொழும்புக்கு அனுப்பியிருப்பதாகச் சொல்வார்கள். கடையோடு பேசிக்கொண்டிருக்கும்போதே முறைப்பாட்டை அனுப்பி வைப்பதில் தவறில்லை. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியுள்ளதால், தமிழிலேயே எழுதலாம். தோட்டங்கள் பலவற்றில் கடிதங்கள் தோட்ட அலுவலகம் வழியாகவே வருவதால், பதில் தவறிப்போகாதிருக்கத் தொலைபேசி இலக்கத்தையும் குறிப்பிடுக. பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்து, மூலத்தை வீட்டில் வைத்துக்கொள்க. வெயிலிலும் அடுப்புப் புகையிலும் பற்றுச்சீட்டின் எழுத்து மங்கிவிடும் என்பதால், வாங்கிய அன்றே நிழற்படப் பிரதி எடுத்தல் நன்று.

மூன்று மாதம் கடந்துவிட்டால் எழுத்திலுள்ள உத்தரவாதம் செல்லாமல் போய்விடுவதில்லை. அது ஓர் ஒப்பந்தம். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபையை நாடலாம்.

மாதிரி வினாவும் விடையும்

வினா: நோர்வுட்டைச் சேர்ந்த ஒரு குடும்பம் ஹட்டன் நகரக் கடையொன்றில் சலவை இயந்திரம் ஒன்றையும், அதற்கு இரண்டு வருட நீடிக்கப்பட்ட உத்தரவாதத்தையும் வாங்கியது. ஐந்தாவது வாரத்தில் இயந்திரம் நின்றது. "நீடிக்கப்பட்ட உத்தரவாதம் போட்டிருக்கிறீர்கள், ஆகவே அதன் பரிசோதனைக் கட்டணம் 2,500 ரூபா செலுத்துங்கள்" என்றார் கடைக்காரர். இக்குடும்பத்துக்கு நீர் கூறும் ஆலோசனை யாது?

விடை: ஐந்தாவது வாரம் உற்பத்தியாளரின் முதல் வருட உத்தரவாதக் காலத்துள் அடங்கும். நீடிக்கப்பட்ட உத்தரவாதம் அக்காலம் முடிந்த பின்னரே ஆரம்பமாகும். ஆகவே அதன் கட்டணத்தை இப்போது கேட்பது பொருந்தாது. முதல் அட்டையில் தொடரிலக்கம், கொள்வனவுத் திகதி, விற்பனையாளரின் முத்திரை ஆகியன உள்ளனவா எனப் பார்த்து, அதன்படி இலவசமாகத் திருத்தித் தருமாறு எழுத்தில் கேட்க வேண்டும். மறுத்தால், கொள்வனவு செய்து மூன்று மாதம் முடியுமுன் பற்றுச்சீட்டின் பிரதியுடன் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்து மூலம் முறையிட வேண்டும். அதுவரை வெளியாள் எவரையும் கொண்டு இயந்திரத்தைத் திறக்கலாகாது.

(பலர் 1977 க்கு அழைப்பதுடன் விடையை முடித்துவிடுகின்றனர். எழுத்து, மூன்று மாதம் ஆகிய இரண்டும் இடம்பெற வேண்டும்.)

பயிற்சி: உமது வீட்டிலுள்ள ஏதேனும் ஒரு மின்சாதனத்தின் உத்தரவாத அட்டையை எடுத்து, அதில் விலக்கப்பட்டுள்ளவற்றைக் கொப்பியில் எழுதுக. அவற்றுள் உமது தோட்டத்தில் நிகழக்கூடியவை எவை? அட்டை கிடைக்காவிடின், அது எங்கே போயிற்று என்பதை வீட்டாரிடம் கேட்டு எழுதுக.