விமானமா, கப்பலா? விலை பேசுமுன் போட வேண்டிய கணக்கு

நமது மன்னார் கடல் கடந்த வியாபாரத்துக்குப் புதிய ஊர் அல்ல. அரபு நாடுகளுக்கும் சீனத்துக்கும் இடையே ஓடிய வணிகத்தில் மாந்தைத் துறைக்கு ஒரு காலத்தில் பெரிய இடம் இருந்தது. இன்று நமது பொருள் லொறியில் ஏறிக் கொழும்புத் துறைமுகத்துக்கோ கட்டுநாயக்க விமான நிலையத்துக்கோ போய்த்தான் வெளிநாடு செல்கிறது. ஓடர் கிடைத்ததும் நம்மவர் கேட்பது, "கிலோவுக்கு என்ன கூலி?" என்பதே. அது மட்டும் போதாது. நான்கு விடயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, எடையும் இடமும். விமானத்தில் 6000 கன சென்றிமீற்றர் இடத்தை ஒரு கிலோவாகக் கணக்கிடுவது வழக்கம். உண்மை எடை, இட எடை இரண்டில் எது கூடவோ அதற்கே கூலி. கூரியரில் பெரும்பாலும் 5000 கன சென்றிமீற்றரே ஒரு கிலோ. கப்பலில் பிறர் சரக்கோடு சேர்த்து அனுப்பும்போது ஒரு கன மீற்றர் அல்லது 1000 கிலோ, இதில் எது கூடவோ அதற்குக் கூலி.

இதை நான் நட்டப்பட்டே படித்தேன். 60, 50, 40 சென்றிமீற்றர் அளவுள்ள 25 பெட்டிகளில் பனையோலைச் சாமான்களை விமானத்தில் அனுப்பினேன். பெட்டிக்கு 12 கிலோவாக 300 கிலோ என்று எண்ணி விலை பேசியிருந்தேன். பில் 500 கிலோவுக்கு வந்தது. இலாபம் அதிலேயே போனது. பிழை ஏஜென்டுடையதல்ல, என்னுடையது. கப்பலில் அது 3 கன மீற்றர் சரக்குத்தான். கூடைகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கியிருந்தால் பெட்டிகளும் குறைந்திருக்கும்.

இரண்டாவது, பொருளின் ஆயுள். உயிர் நண்டு, ஐஸ் மீன் என்றால் விமானத்தைத் தவிர வழியில்லை. கருவாட்டுக்குக் கப்பல் பொருத்தம். ஆனால் நன்றாகக் காயாத கருவாடு கொள்கலனுக்குள் வாரக்கணக்கில் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். உலர்ந்த கடலட்டை எடை குறைவு, விலை அதிகம். அதன் விலையோடு பார்க்கும்போது விமானக் கூலி பெரிதல்ல. போட்ட முதலும் விரைவில் திரும்பும். அனுமதிப் பத்திரங்களை மட்டும் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, முழுச் செலவு. கப்பலில் ஒரு கன மீற்றருக்குக் குறைந்த சரக்குக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு. களஞ்சியம், பத்திரங்கள், இறங்கும் துறைமுகச் செலவு எல்லாம் சேர்ந்தால், சிறிய சரக்குக்கு விமானமே இலாபமாக முடிவதும் உண்டு. இறங்குமிடச் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வையுங்கள். வாய்ப்பேச்சை நம்பினால் நல்ல வாடிக்கையாளரோடு மனக்கசப்புத்தான் மிஞ்சும்.

நான்காவது, நாட்கள். 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால், ஐரோப்பா செல்லும் கப்பல்கள் பல ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றின. பயணம் பத்து நாட்களுக்கு மேல் நீண்டது, கூலியும் ஏறியது. ஆகவே பண்டிகை வியாபாரத்துக்குக் கப்பலில் அனுப்புவோர், ஏஜென்ட் சொல்லும் நாட்களோடு இரண்டு வாரத்தையாவது கூட்டிக்கொள்வது நல்லது.

அடுத்த ஓடர் வரும்போது அவசரப்படாதீர்கள். பெட்டியை அளந்து, நிறுத்து, விமானம் கப்பல் இரண்டுக்கும் முழுச் செலவை எழுத்தில் வாங்குங்கள். அதன் பிறகு விலை சொல்லுங்கள். விலை சொன்ன பிறகு போடும் கணக்கு நட்டத்தை எண்ணிப் பார்க்க மட்டுமே உதவும்.